ஜினியாவுக்கு நிழல் தேடாதீர்கள்

இந்தச் சித்திரையில் ஒருநாள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. வாடகை வீட்டு மாடியில் தோட்டம் போட ஆரம்பித்திருக்கிறாள். கையில் ஒரு குரோ பேக். அதற்குள் பதினைந்து ஜினியா நாற்றுகள் நூல் நூலாக நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. "பெரியம்மா, வெயில் படாம நிழல்லதான் வச்சிருந்தேன். மூணு வேளையும் தண்ணி ஊத்துறேன். அப்புறமும் இப்படி ஆயிடுச்சே" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. அந்த அக்கறைதான் செடியைச் சாய்த்துவிட்டது.

திருச்சி உறையூரில், மொட்டை மாடியில், முப்பது வருடமாக ஜினியா வளர்த்து வருகிறேன். வெயிலால் நான் இழந்த செடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெயிலுக்குப் பயந்து நான் செய்த உபசாரத்தால் இழந்தவை ஏராளம். அவளிடம் அன்று சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, புதிதாகத் தொடங்குகிற எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் இது எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜினியாவின் பிறந்த மண் மெக்சிகோ. நல்ல வெயிலும் கொஞ்சம் மழையும் தண்ணீர் நிற்காத நிலமும் உள்ள இடங்களில் தானாக முளைத்துக் கிடந்த செடி. அந்த ஞாபகம் அதன் உடம்பில் இன்னும் இருக்கிறது. இலையைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்றிருக்கும்.

பெயர் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. யோஹான் காட்ஃப்ரீட் ஜின் என்பவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் உடற்கூறும் படித்தறிந்த பேராசிரியர். 1727-இல் பிறந்து 1759-இலேயே, முப்பத்திரண்டு வயது நிறைவதற்குள் காலமாகிவிட்டார். தாவரவியலாளர் லின்னேயஸ் அவர் நினைவாக இந்தச் செடிக்குப் பெயர் வைத்தார். எனக்குக் கண்புரை எடுத்தபோது, கண்ணுக்குள் வில்லையைத் தாங்கிப் பிடிக்கிற மெல்லிய நார்களுக்கும் அதே ஜின்னின் பெயர்தான் என்று தெரிந்துகொண்டேன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் மாடிக்குத்தான் போனேன். மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்த சிவப்பும் மஞ்சளும் கழுவித் துடைத்த மாதிரி எதிரே நின்றன. அன்றிலிருந்து அந்த இளம் பேராசிரியர் எனக்கு உறவுக்காரர் போலத்தான்.

2. வெயிலில் வையுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. நிழலில் வைத்தால் செடி வெளிச்சத்தைத் தேடி நீண்டு, தண்டு மெலிந்து, ஒற்றைப் பூவோடு சாயும். என் வீட்டுக்கு வந்த அந்தப் பதினைந்து நாற்றுக்கும் அதுதான் நடந்தது.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தலையில் படுகிற வெயிலை ஜினியா தாங்கும். வேரில் ஏறுகிற சூட்டைத் தாங்காது. மே மாதம் மத்தியானம் மொட்டை மாடித் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் தொட்டிக்குள் வேர் என்ன பாடுபடும் என்று விளங்கும். அதனால் தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். மேற்கு வெயில் படுகிற பக்கத்தில் பழைய கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். சின்னத் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல், ஒன்றின் நிழல் அடுத்ததன் மேல் விழும்படி தொட்டிகளை மட்டும் அணைத்து வைக்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேண்டவே வேண்டாம். மண் தொட்டி நல்லது. சிமெண்டுத் தொட்டியும் பரவாயில்லை.

பச்சை நிழல் வலை, நாற்று பிடிக்கும்வரை ஒரு வாரம் பத்து நாள் போதும். அக்னி நட்சத்திரத்தில் பூ கொஞ்சம் சிறுத்து, நிறம் வெளுத்து வரும். அது இயல்பு. கத்திரி கழிந்ததும் பழைய நிறம் திரும்பிவிடும்.

3. விதைக்கிற காலம். நம் பக்கத்துக்கு இரண்டு பட்டம் ஒத்துவரும். தை, மாசியில் விதைத்தால் பங்குனியில் தொடங்கி வைகாசிவரை பூக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டி விதைத்தால் புரட்டாசியில், நவராத்திரிக் கொலுவுக்குச் சரியாக மலரும். குள்ள ரகங்கள் விதைத்து ஏழு எட்டு வாரத்தில் பூக்கும், உயர ரகங்களுக்கு ஒன்பது பத்து வாரம் ஆகும். ஆடிப் பட்டத்துச் செடிக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். காவிரிக்கரைக் காற்று சும்மா விடாது. ஐப்பசி அடைமழைக்குச் செடியைத் தயாராக வைத்திருப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அந்த அடைமழை ஓயும்வரை ஜினியாவை மறந்துவிட்டு வேறு செடியைப் பாருங்கள்.

எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பத்துப் பத்தாகப் போட்டுக்கொண்டே வந்தால், ஒரு செடி ஓயும்போது அடுத்தது மொட்டு விடும்.

4. முடிந்தவரை பூக்கப்போகிற தொட்டியிலேயே நேராக விதையுங்கள். ஜினியா வேருக்கு இடம் மாறுவது பிடிக்காது. நாற்று விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பேப்பர் டீ கப்பில் ஓட்டை போட்டு, கப்புக்கு ஒரு விதையாக ஊன்றி, நாலு இலை வந்ததும் மண் உதிராமல் அப்படியே மாற்றுங்கள். விதைக்கு மேல் அரை விரற்கடை மண் போதும். நம் வெப்பத்துக்கு நாலாவது ஐந்தாவது நாளே முளை தெரியும். பத்து நாள் கழித்தும் தெரியவில்லை என்றால் விதை பழசு, அல்லது எறும்பு கொண்டுபோய்விட்டது. எறும்புக்கு மருந்து தேடி அலைய வேண்டாம். விதைத் தட்டை ஒரு கல்லின் மேல் வைத்து, அந்தக் கல்லைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துவிட்டால் முடிந்தது.

5. மண் கலவை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கொக்கோபீட் ஒரு பங்கு. ஒரு தொட்டிக்குக் கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. புதிதாகத் தொடங்குபவர்கள் பாதிக்கு மேல் கொக்கோபீட்டாகவே நிரப்பிவிடுகிறார்கள். தூக்க லேசாக இருக்கும், உண்மைதான். ஆனால் மேலே காய்ந்த மாதிரி காட்டி, அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்துவிட்டது என்று நினைத்து நாம் மறுபடி ஊற்றுவோம், அடியில் வேர் அழுகும்.

6. தண்ணீர். இந்த ஒன்றில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

காலையில், வெயில் ஏறுவதற்கு முன், மண்ணில் ஊற்றுங்கள். இலையில் ஊற்றாதீர்கள். பூவாளி நாற்றுப் பருவத்தோடு சரி. செடி ஒரு சாண் வளர்ந்ததும் செம்பால் அடியில் ஊற்றிப் பழகுங்கள். அடித் துளை வழியே கொஞ்சம் வடிகிறவரை ஊற்ற வேண்டும். தினமும் கால் செம்பு தெளிப்பதைவிட, தேவைப்படும் நாளில் நிறைய ஊற்றுவது வேரைக் கீழே இறக்கும்.

தேவையா இல்லையா என்று விரலைக் கேளுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணுவரை மண்ணில் இறக்குங்கள். நுனியில் ஈரம் தட்டுப்பட்டால் செம்பைக் கீழே வைத்துவிடலாம்.

மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு இலையெல்லாம் தொங்கிப் போய் நிற்கும். பார்த்ததும் பதறி ஊற்றத் தோன்றும். பொறுங்கள். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழக்கிறது, அதனால் தொங்குகிறது. மண்ணில் ஈரம் இருந்தால், வெயில் தாழ்ந்து ஆறு மணிக்குப் பார்க்கும்போது இலை தானாக நிமிர்ந்திருக்கும். ஆறு மணிக்கும் தொங்கினால் அது தாகம், அப்போது ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

குழாய் வைத்து ஊற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் இருக்கும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை முதலில் ஒரு வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள். ஒரு வருடம் எட்டு நாற்றுகளை இப்படி ஒரே சாயங்காலத்தில் பறிகொடுத்தேன்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் தொட்டி விளிம்பில் வெள்ளை படியும், இலை ஓரம் கருகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நிறைய விட்டு உப்பை அடிவழியே கழுவி இறக்குங்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல ஆசை. 2015 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜினியா விதைத்தார்கள். டிசம்பரில் செடியைச் சுற்றி ஈரம் மிகுந்து, காற்றோட்டம் போதாமல், இலைகளில் பூஞ்சை வந்துவிட்டது. விசிறியை வேகமாக வைத்தார்கள். இந்த முறை செடி காய்ந்து வாடியது. அங்கே இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, கீழேயிருந்து வருகிற அட்டவணைப்படி ஊற்றுவதை விட்டுவிட்டு, தன் கண்ணால் செடியைப் பார்த்துத் தேவைப்படும்போது தானே ஊற்ற அனுமதி கேட்டு வாங்கினார். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. பூமிக்கு மேல் நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் ஜினியா கேட்டது அதே இரண்டைத்தான்: இலைக்குக் காற்று, பார்த்து ஊற்றுகிற ஆள். உங்கள் மாடி பதினைந்து படி தூரத்தில் இருக்கிறது. தினமும் ஒரு முறை ஏறிப் போய்ப் பாருங்கள்.

7. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்குக் குள்ள ரகம் மூன்று செடி, உயர ரகம் என்றால் ஒன்று. தரையில் ஒரு அடி இடைவெளி. முளைத்ததில் நல்லதை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். மனசு கேட்காது, தெரியும். எனக்கும் இன்றுவரை கேட்பதில்லை.

8. நுனியைக் கிள்ளுங்கள். ஜினியாவின் இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக வரும். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. நடுத்தண்டின் நுனி இருக்கும்வரை அவை எழாது. செடி ஒரு முழம் வளர்வதற்கு முன், மூன்றாவது ஜோடி இலைக்கு மேலே கிள்ளிவிட்டால், நாலைந்து நாளில் கக்கத்தில் பச்சை முனை எட்டிப்பார்க்கும். ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் நாலு கிளை, ஆறு கிளை. முதல் பூ பத்து நாள் தள்ளிப்போகும். அடுத்த இரண்டு மாதமும் பூ நிற்காது.

முதல் மொட்டு வந்துவிட்ட பிறகு கிள்ளச் சொன்னால் யாருக்கும் கை வராது. அதனால்தான் மொட்டு தெரியுமுன்னே கிள்ளச் சொல்கிறேன். பொழுது குறைந்த கார்த்திகை, மார்கழியில் முளைத்த செடி மட்டும் வளர்வதற்குள் அவசரப்பட்டு மொட்டு விடும். அந்த மொட்டைக் கட்டாயம் கிள்ளிவிடுங்கள்.

9. உரம் அதிகம் வேண்டாம். மாதம் ஒரு முறை இரண்டு கை மண்புழு உரம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா. தழைச்சத்து கூடினால் இலைதான் செழிக்கும்.

10. நோய். மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

சாம்பல் நோய்: கோலமாவு சிந்தியது போல முதலில் அடி இலைகளில் வெள்ளைத் திட்டு. கார்த்திகை, மார்கழியில் பகல் வறண்டு இரவு ஈரமாக இருக்கும்போது அதிகம். இது முளைக்க இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. நெருக்கமும் நிழலும் போதும். திட்டு விழுந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். புளித்த மோரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை காலை வெயிலில் தெளிக்கிறேன். ஆரம்பத்திலேயே செய்தால் பரவாமல் நிற்கிறது. மூன்று மாதம் பூத்துக் களைத்த செடிக்கு வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் எடுத்துவிட்டுப் புது விதை போடுங்கள். ஒவ்வொரு வருடமும் இந்தத் தொல்லை வருகிற வீட்டில், ஒல்லி இலை ஜினியாவையோ அதன் கலப்பில் வந்த புரொஃபியூஷன் போன்ற ரகங்களையோ போடலாம். 1999-இல் அமெரிக்காவில் தங்கப் பதக்கம் வாங்கிய ரகம் அது. பூ சிறிசு, செடி குட்டை, ஆனால் சாம்பல் நோயை நன்றாகத் தாங்கும்.

இலைப்புள்ளி: செம்பழுப்புப் புள்ளி என்றால் பூஞ்சை; கோணல்மாணலாக, மஞ்சள் வளையத்தோடு வந்தால் பாக்டீரியா. இரண்டும் விதையோடு வரும்; ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலே அடுத்த இலைக்குத் தாவும். ஒரு முறை கடையில் வாங்கிய ஒரே பாக்கெட்டிலிருந்து வந்த அத்தனை செடியிலும் புள்ளி. பக்கத்துத் தொட்டியில் என் சொந்த விதைச் செடிகள் சுத்தமாக நின்றன. அன்று முதல் புது விதையைத் தனித் தொட்டியில், ஒதுக்கமாகத்தான் போடுகிறேன். புள்ளி விழுந்த செடியில் எவ்வளவு அழகான பூ இருந்தாலும் விதை எடுக்காதீர்கள்.

செஞ்சிலந்தி: வறண்ட வெயிலில் வரும். இலை வெளிறி, அடியில் மெல்லிய வலை. காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வளர்ந்த செடியின் இலையை வெறும் தண்ணீரால் நனைக்க நான் அனுமதிக்கிற ஒரே சந்தர்ப்பம் இது. வெயில் அதை உடனே உலர்த்திவிடும்.

11. மருந்தடிக்கும் முன் பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு கூட்டம். சுற்றியுள்ள ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. நடுவில் மஞ்சள் நட்சத்திரங்களாக வளையம் போட்டு நிற்பவையும் தனித்தனிப் பூக்கள். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி நாளுக்குக் கொஞ்சமாக விரியும். காலை ஒன்பது மணிக்கு, எலுமிச்சைச் செடியில் புழுவாகக் கிடந்து வந்த கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி அதன் மேல் உட்காரும். சுருட்டி வைத்த உறிஞ்சியை நீட்டி, ஒரு நட்சத்திரம் விடாமல் வளையத்தைச் சுற்றி வந்து குடிக்கும். ஒரே பூவில் அது அவ்வளவு நேரம் நிற்பதை வேறு செடிகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தால் பட்டாம்பூச்சியும் தேனீயும் போன பிறகு, பொழுது சாய்ந்ததும், இலைக்கு மட்டும் தெளியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு.

12. பறிக்கத் தயங்காதீர்கள். இந்தப் பூவுக்கு வாசம் கிடையாது. தலையில் வைக்க மாட்டோம், சரத்திலும் சேர்ப்பதில்லை. அதனால் செடியிலேயே காய விடுகிறார்கள். விதை கட்டத் தொடங்கினால் செடி புது மொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வாரம் இரண்டு முறையாவது வெட்டி வீட்டுக்குள் வையுங்கள்.

வெட்டுமுன் ஒரு சோதனை. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கழுத்து துவண்டு ஆடினால் பூ இன்னும் பக்குவப்படவில்லை. வெட்டினால் சொம்பில் தலை தொங்கிவிடும். விறைப்பாக நின்றால் வெட்டலாம். மொட்டாக வெட்டினால் ஜினியா தண்ணீரில் மலராது, முழுக்க விரிந்ததையே எடுக்க வேண்டும். விடியற்காலையில், ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டி, தண்ணீரில் முங்குகிற இலைகளை உருவிவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் இதற்கு ஆகாது.

13. விதை எடுங்கள். சீசன் பாதியிலேயே நோயில்லாத, நிறம் பிடித்த நாலு பூவில் நூல் கட்டி, பறிக்காமல் விடுங்கள். பூ பழுப்பேறி, காம்பும் காய்ந்த பிறகு, மழைக்கு முன் பறித்துத் தாளில் உதிர்த்து நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த இதழ் ஒட்டிக்கொண்டிருக்கும் அம்பு முனை போன்ற விதை ஓரப் பூவிலிருந்து வந்தது; தட்டையாக, மெலிதாக இருப்பது நடுப் பூவிலிருந்து. தடித்து, கையில் கனமாகத் தட்டுப்படுகிறதை எடுத்துப் பதரை ஊதிவிடுங்கள். தாய்ச் செடி மாதிரியே எல்லாம் வராது. தேனீயும் பட்டாம்பூச்சியும் மகரந்தத்தைக் கலந்துவிட்டிருக்கும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமானால் இன்னும் சிதறும். ஒவ்வொரு வருடமும் பிடித்ததை மட்டும் நிறுத்திக்கொண்டே வந்தால், ஐந்தாறு வருடத்தில் உங்கள் வீட்டு நிறம் என்று ஒன்று அமையும்.

காகிதப் பொட்டலத்தில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில், அடியில் கொஞ்சம் வறுத்த அரிசி போட்டு வையுங்கள். நம் வெக்கைக்கு ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம்தான் நம்பலாம். பாதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒரு வருடம் அடைமழையில் என் டப்பாவுக்குள் ஈரம் ஏறி, அத்தனை விதையும் பூஞ்சை பிடித்துவிட்டது. பத்து வருடமாகக் காப்பாற்றி வந்த ரத்தச் சிவப்பு அதோடு போயிருக்கும். எதிர்வீட்டு அக்கா முந்தின வருடம் என்னிடம் வாங்கிப் போன விதையில் பத்துப் பன்னிரண்டை ஒரு மாத்திரை டப்பாவில் மிச்சம் வைத்திருந்தார். அதில் ஏழு முளைத்தது.

அந்த ஏழின் வழி வந்த விதையில் ஒரு பங்கைப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கென்று மடித்து வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று வரச் சொல்லியிருக்கிறேன். பொட்டலத்தின் மேல் எழுதியாகிவிட்டது: சிவப்பு, உயர ரகம், சித்திரையில் எடுத்தது.